ஓடைக்கரையில் நின்ற இருநூறு பேர்



சென்ற சனவரியில் சென்னைக் கடற்கரைச் சாலையில் நடந்த மராத்தான் ஓட்டத்தில் உங்கள் பங்குக் குருவும் ஓடப்போகிறார் என்று நம் கோயில் வளாகமெங்கும் பேச்சாயிருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நான் ஓடவில்லை. அதன் காரணமும் உங்களுக்குத் தெரியும். ஒரு மாதத்துக்கு மேலாக நான் பீடத்தின் படிகளை நொண்டி நொண்டி ஏறியதை எல்லோரும் பார்த்தீர்கள். சிலர் இரக்கப்பட்டுத் தைலமும் கொண்டுவந்து கொடுத்தீர்கள். ஆனால் அந்தச் சனி ஞாயிறு இரண்டு நாளும் என் உள்ளத்தில் நடந்தது என்ன என்பது உங்களுக்குத் தெரியாது. அது எனக்குப் பெருமை தருகிற காரியமல்ல. ஆயினும் உங்களில் பலருக்கு, முக்கியமாய் நோயினாலும் முதுமையினாலும் வீட்டுக்குள்ளே கிடக்கிறவர்களுக்கு, அது உபயோகப்படலாம் என்று எண்ணி எழுதுகிறேன்.

முதலில் காலைப் பற்றி. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் மயிரிழை போன்ற விரிசல் என்று வைத்தியர் படம் எடுத்துக் காட்டினார். எலும்பு உயிருள்ள பொருள். ஓடும்போது அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சேதங்கள் உண்டாகின்றன; ஓய்வு கொடுத்தால் அது தன்னைத்தானே கட்டிக்கொள்கிறது. கட்டி முடிக்குமுன் மறுபடியும் மறுபடியும் இடித்தால் விரிசல் விழுகிறது. நான் அவசரப்பட்டேன். நம் பங்கின் இளைஞர் ஏழு பேரோடு விடியற்காலையில் ஓடப் பழகியவன், இருபத்தைந்து வயதுக்காரருக்கு நாற்பத்தைந்து வயதுக்காரன் குறைந்தவனல்ல என்று காட்டப் போய், வாரத்துக்கு வாரம் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். ஆறு முதல் எட்டு வாரம் ஓடக்கூடாது என்றார் வைத்தியர். பந்தயத்துக்கோ ஐந்து வாரந்தான் இருந்தது.

சனிக்கிழமை மாலைப் பூசைக்கு அந்த ஏழு பேரும் வந்தார்கள். சனி மாலைப் பூசை கண்டால் ஞாயிறு கடன் தீரும் என்பது திருச்சபையின் சட்டம். (ஞாயிறு காலையில் தூங்குவதற்காக அந்தச் சட்டம் உண்டாகவில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.) பூசை முடிந்ததும் நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் சீட்டுகளை நீட்டி ஆசீர்வாதம் கேட்டார்கள். என் பெயருக்கு வந்த சீட்டையும் வாங்கி வந்திருந்தார்கள். அதைக் குத்திக்கொண்டு வேறொருவன் ஓடட்டுமா என்று ஒரு பையன் கேட்டான். கூடாது, ஓடுகிறவன் வழியில் விழுந்தால் அந்த எண்ணை வைத்துத்தான் அவன் யார், அவனுக்கு என்ன வியாதி என்று பார்ப்பார்கள். ஆகவே சீட்டைக் கட்டளைச் செபப் புத்தகத்துக்குள் அடையாளமாக வைத்தேன். அன்றிரவு செபம் சொல்லப் புத்தகத்தைத் திறந்தபோதெல்லாம் அந்த எண் என்னைப் பார்த்தது.

உண்மையைச் சொல்கிறேன். மறுநாள் போகவேண்டாம் என்று தீர்மானித்துவிட்டேன். கால் வலிக்கிறது என்று சொன்னால் யார் மறுக்கப்போகிறார்கள்? ஆனால் காலை மூன்றரை மணிக்கு உபதேசியார் கதவைத் தட்டி, "சாமி, ஆட்டோ வந்தாச்சு" என்றார். ஒரு வாரத்துக்கு முன் நானே சொல்லிவைத்த ஆட்டோ. நல்ல எண்ணத்தோடு சொன்னதை கெட்ட எண்ணத்தோடு மாற்ற அவர் முகத்தைப் பார்த்து வாய் வரவில்லை. காலைப் பூசைகளைப் பக்கத்துப் பங்குச் சாமியார் ஏற்றுக்கொண்டிருந்தார். புறப்பட்டேன்.

புறப்படும் இடத்திலும் முடியும் இடத்திலும் பார்க்கிறவர் கூட்டம் எப்போதும் உண்டு. மேளம் உண்டு, படம் பிடிக்கிறவர் உண்டு. 34-ஆம் கிலோமீட்டரில் யாரும் நிற்பதில்லை. ஓடுகிறவனுக்கு ஆள் வேண்டியதோ அங்கேதான். நாம் உண்ணும் சோறும் கிழங்கும் சர்க்கரையாகி, தசைகளிலும் ஈரலிலும் சேமிப்பாக இருக்கின்றன. அந்தச் சேமிப்பு பெரும்பாலோருக்கு 30 கிலோமீட்டரைச் சுற்றித் தீர்ந்துபோகிறது. அதற்குமேல் கால் ஈயமாகிறது, புத்தி மங்குகிறது, இந்த ஓட்டத்தை எதற்காக ஆரம்பித்தோம் என்பதே மறந்துபோகிறது. ஓடுகிறவர்கள் அதைச் சுவரில் மோதுவது என்கிறார்கள். அந்த இடத்தில் ஒரு வேப்பமரத்தடியில் முக்காலி போட்டு, வாழைப்பழம், கடலை மிட்டாய், உப்புக் கரைசல் இவற்றோடு உட்கார்ந்தேன்.

வழியோரம் நிற்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய வேலைதான். கேட்கிறவனுக்கெல்லாம் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருப்பது தருமமல்ல. மிதமிஞ்சிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் நகர மராத்தானில் ஓடியவர்களில் 488 பேருடைய இரத்தத்தைச் சோதித்தபோது, நூற்றுக்குப் 13 பேருக்கு அப்படிக் குறைந்திருந்தது. அடுத்தது, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பொதுவாய்க் கை தட்டுவது காதில் ஏறாது. பெயரைச் சொன்னால் தலை நிமிரும். நல்ல மேய்ப்பர் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார் என்பதை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அதன் பலனைக் கண்ணால் கண்டது அன்றுதான். எல்லாவற்றையும்விட முக்கியமானது, "அவ்வளவுதான், வந்தாச்சு" என்று சொல்லக்கூடாது. வரவில்லையே! இன்னும் எட்டுக் கிலோமீட்டருக்கு மேல் கிடக்கிறதே! ஓடுகிறவனுக்குக் கணக்குத் தெரியும். தன் வேதனையை அறியாதவன் பேசுகிறான் என்று அவன் உள்ளம் கசந்துபோகும்.

எட்டரை மணிக்கு, வெயில் ஏறிய பிறகு, எங்கள் ஏழு பேரில் ஒருவன் வந்தான். நான்தான் அவனை இந்த ஓட்டத்துக்கு இழுத்துவந்தவன். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டிருந்தது. என் காலடியில் தரையிலே உட்கார்ந்து, "சாமி, போதும்" என்றான்.

பிரியமானவர்களே, அந்த நேரத்தில் என் உள்ளத்தின் ஒரு மூலையில் சந்தோஷம் உண்டாயிற்று. கண்ணிமைக்கும் நேரந்தான். ஆனாலும் அது சந்தோஷந்தான். வேறு பெயர் சொல்லி மூட மாட்டேன். நான் ஓடாத ஓட்டத்தை இவனும் முடிக்க மாட்டான் என்ற சந்தோஷம். தலையான பாவங்கள் ஏழு என்று சிறுபிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிறோமே, அவற்றில் காய்மகாரம் என்கிற ஒன்று மற்றவற்றைப்போல் கொஞ்சமேனும் இன்பம் தருவதில்லை, வெறும் எரிச்சலே என்று நானே உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். தவறாகச் சொன்னேன். அதற்கும் ஒரு இனிப்பு உண்டு. மறுநாள் பாவசங்கீர்த்தனத்தில் அதை அறிக்கையிட்டேன்.

உப்புக் கரைசலை அவன் கையில் கொடுத்தேன். நெஞ்சு வலிக்கிறதா, தலை சுற்றுகிறதா என்று கேட்டேன். இன்று என்ன கிழமை என்றும் கேட்டேன், புத்தி தெளிவாயிருக்கிறதா என்று பார்ப்பதற்காக. தெளிவாகவே பதில் சொன்னான். பிறகு, "தம்பி, இன்னும் எட்டுக் கிலோமீட்டரும் கொஞ்சமும் இருக்கிறது. இனி நிழல் குறைவு. நடந்தும் முடிக்கலாம். நின்றுவிட்டாலும் பாவமில்லை" என்றேன். அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நீங்க என்ன செய்வீங்க சாமி?" என்றான். "உன் செய்தி வரும்வரை இந்த முக்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்" என்றேன். அவன் எழுந்தான்.

அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நானும் நொண்டிக்கொண்டே போக ஆசையாயிருந்தது. அது செய்யத்தகாது. 1908-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில், விண்ட்சர் அரண்மனையிலிருந்து புறப்பட்ட மராத்தானில் (இன்றைக்கும் வழங்குகிற 42 கிலோமீட்டர் 195 மீட்டர் என்ற கணக்கு அதிலிருந்து வந்ததுதான்), தொராந்தோ பியேத்ரி என்ற இத்தாலியர் எல்லோருக்கும் முன்னால் மைதானத்துக்குள் வந்தார். வந்தவர் மயக்கத்தில் வழி தவறித் திரும்பினார், பலமுறை விழுந்தார். நின்றவர்கள் மனம் பொறுக்காமல் தூக்கி நிறுத்தி, கோட்டைக் கடக்கவும் துணை செய்தார்கள். பரிசு அவருக்கு இல்லாமற்போயிற்று. இரண்டாவதாக வந்த அமெரிக்கர் ஜானி ஹேஸ் என்பவருக்குக் கொடுக்கப்பட்டது. மறுநாள் அலெக்சாந்திரா இராணியார் பியேத்ரிக்குத் தனியே ஒரு வெள்ளிக் கிண்ணம் அளித்தார். தூக்கிவிட்டவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். விழுந்து கிடக்கிற மனிதனைப் பார்த்துக்கொண்டு நிற்பது எளிதல்ல. ஆனாலும் ஒருவனுடைய ஓட்டத்தை மற்றொருவன் ஓட முடியாது என்பதை அந்தக் கோடு அறிந்திருந்தது.

பத்தேகால் மணிக்கு உபதேசியாரின் கைபேசியில் செய்தி வந்தது. நடந்தே முடித்துவிட்டானாம்.

அந்த முக்காலியில் உட்கார்ந்திருந்த நேரத்தில் எனக்கு ஓயாமல் நினைவுக்கு வந்தது சாமுவேல் முதல் ஆகமத்தின் முப்பதாம் அதிகாரம். அர்ச். சின்னப்பருடைய ஓட்டப்பந்தய உவமை அல்ல, அது ஓடுகிறவர்களுக்கு. தாவீதும் அவருடைய ஆட்கள் அறுநூறு பேரும் தங்கள் ஊருக்குத் திரும்பி வருகிறார்கள். ஊர் எரிந்து கிடக்கிறது; மனைவி மக்களை அமலேக்கியர் சிறைபிடித்துப் போய்விட்டார்கள். துரத்திக்கொண்டு போகிறபோது பெசோர் ஓடையருகே இருநூறு பேர் களைத்து விழுகிறார்கள். அவர்கள் கோழைகளல்ல. அவர்களுடைய பிள்ளைகளுந்தான் சிறையில் இருக்கிறார்கள். கால் எழும்பவில்லை, அவ்வளவே. நானூறு பேர் போய் வென்று, எல்லாரையும் மீட்டுக்கொண்டு திரும்புகிறார்கள். அப்போது சிலர், இவர்கள் வரவில்லையே, மனைவி மக்களை மட்டும் வாங்கிக்கொண்டு போகட்டும், கொள்ளைப்பொருளில் பங்கில்லை என்கிறார்கள். தாவீது ஒப்பவில்லை. போருக்குப் போனவனுக்கும் தட்டுமுட்டுகளைக் காத்திருந்தவனுக்கும் சரிபங்கு என்று தீர்ப்பளித்து, அதையே இஸ்ராயேலுக்குச் சட்டமாக்கினார்.

அந்த இருநூறு பேர் ஓடைக்கரையில் காத்திருந்த நேரத்தில் என்ன நினைத்தார்கள் என்று வேதாகமம் சொல்லவில்லை. நான் கொஞ்சம் அறிவேன். தாவீது திரும்பிவந்தபோது அவர்கள் எதிர்கொண்டு வந்தார்கள் என்றும், அவர் கிட்டே போய் அவர்களுடைய சுகத்தை விசாரித்தார் என்றும் மட்டும் சொல்லியிருக்கிறது. எதிர்கொண்டு வந்தார்களே, அதுவே பெரிய காரியம். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்திருக்கலாம்.

திருச்சபையும் இதே சட்டத்தை மறக்கவில்லை. நம் முத்துக்குளித்துறைக்கு 1542-ல் வந்து, கடலும் கரையுமாய் அலைந்து ஆயிரமாயிரம் பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்த அர்ச். சவேரியாரோடுகூட, வேதபோதக நாடுகளுக்கு ஒரு பாதுகாவலியையும் 11-ஆம் பத்திநாதர் பாப்பானவர் 1927-ல் ஏற்படுத்தினார். யாரை? பதினைந்து வயதில் லிசியே நகர்க் கன்னியர் மடத்துக்குள் நுழைந்து, எந்த வேதபோதக நாட்டுக்கும் போகாமலே, 1897-ல் சயரோகத்தால் இருபத்து நான்கு வயதில் இறந்த தெரேசம்மாளை! நோய் முற்றிய நாட்களில், தோட்டத்தில் சிறிது உலாவும்படி அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஒவ்வொரு அடியும் வேதனையாயிருப்பதைக் கண்ட ஒரு சகோதரி, நிறுத்திவிடலாமே என்றாராம். தூரதேசத்தில் எங்கோ களைத்துப்போயிருக்கும் ஒரு வேதபோதகருக்காக நடக்கிறேன் என்று பதில் சொன்னாராம்.

இனி, எனக்கு மிகவும் வெட்கமான காரியத்தைச் சொல்கிறேன். நம் பங்கில் படுக்கையோடு இருக்கிற ஒரு பாட்டியம்மாளுக்கு மாதந்தோறும் நன்மை கொண்டுபோகிறேன். சென்ற ஆண்டு ஒருநாள் அவர்கள், "சாமி, ஆண்டவர் என்னை ஏன் இன்னும் வைச்சிருக்கார்?" என்று கேட்டார்கள். "கொஞ்சம் பொறுங்கள் அம்மா, மோட்சம் கிட்டத்தில்தான்" என்றேன். அவர்கள் பதில் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். நான் அதைத் தூக்கம் என்று எண்ணிக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் போக அவசரமாய் இறங்கினேன். "அவ்வளவுதான், வந்தாச்சு" என்று நான் சொன்னது அங்கேதான், பிரியமானவர்களே.

ஓட்டம் முடிந்து அடுத்த முதல் வெள்ளிக்கிழமை அவர்களிடம் போனபோது ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சிறிய காகிதத்தில் ஒரு பெயர் எழுதிக் கொண்டுபோனேன். இரண்டு வருஷமாய் வேலை தேடி அலைந்து, கோயிலுக்கு வருவதையும் விட்டுவிட்ட ஒரு வாலிபனுடைய பெயர். "இவனுக்கு நான் சொல்வது எதுவும் காதில் ஏறவில்லை. நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவர்கள் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, பெயரை இரண்டுமுறை வாசித்தார்கள். என்ன படித்திருக்கிறான், எந்தத் தெரு என்றார்கள். பிறகு அவன் தாயாருடைய பெயரையும் கேட்டு, அதே காகிதத்தில் என்னை எழுதச் சொன்னார்கள்.

வருகிற முதல் வெள்ளிக்கிழமையிலிருந்து, நோயாளிகளுக்கு நன்மை கொண்டுவரும் எல்லா வீடுகளுக்கும் இப்படி ஒவ்வொரு பெயர்ச் சீட்டு வரும். தங்கள் பெயரையோ பிள்ளைகளின் பெயரையோ கொடுக்க விரும்புகிறவர்கள், சீட்டில் எழுதி வியாழக்கிழமை மாலைக்குள் உபதேசியாரிடம் சேர்ப்பித்துவிடுங்கள். பெயரைத் தெளிவாக எழுதுங்கள். வாசிக்கிறவர்களுக்குக் கண்பார்வை குறைவு.