மருத நிலமும் கொல்லா நோன்பும்

புகார் நகரினின்று மதுரைக்குப் புறப்பட்ட கோவலனுக்கும் கண்ணகிக்கும் கவுந்தியடிகள் வழித்துணையாகச் சென்ற வரலாறு நம் இல்லங்களில் சிறு பிள்ளைகளும் அறிந்ததே. காவிரிக்கரை வழியே நடக்கத் தொடங்குமுன் அவ்வடிகள் வழியின் இடர்களை எடுத்துரைக்கின்றார். கள்வரையும் கொடுவிலங்கையும் சொல்வார் என நாம் எதிர்பார்ப்போம். அவர் சொல்வதோ வேறு. நீர் மோதும் கரையோரமாக நடப்போமாயின், நண்டும் நத்தையும் நம்மை அறியாமலே காலடியில் பட்டு நசுங்கக்கூடும். அந்நோயைக் கண்டு தாங்குதல் அரிது என்கின்றார். நாடுகாண் காதையில் வரும் இப்பகுதியைப் படிப்போர் பலரும் அணிநலம் என்று கருதி விரைந்து கடந்துவிடுகின்றனர். தஞ்சைத் தரணியின் வரப்புகளில் நடந்து பழகிய நமக்கு அஃது அணிநலம் அன்று. நாள்தோறும் எதிர்ப்படும் வினா.

அடிகள் மேற்கொண்ட நோன்பு எல்லா நாட்டிற்கும் ஒன்றே. மணல் செறிந்த மேற்கு நாட்டில் அவர் தவம் புரிந்திருப்பின் நண்டைப் பற்றி ஒரு சொல்லும் உரைத்திரார். நோன்பு எவ்விடத்தில் சோதிக்கப்படும் என்பதை நிலம் வகுத்துவிடுகின்றது. இதனைத் தமிழ்ப் பெரியோர் நெடுங்காலத்திற்கு முன்னரே உணர்ந்திருந்தனர். தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். தெய்வம், உணவு, தொழில் முதலியவற்றை அந்நிலத்தில் தோன்றும் கருப்பொருள் என்றார். மாந்தர் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றார். மண்ணும் மழையும் மனிதனை உருவாக்குகின்றன என்று இக்காலப் புவியியலார் கூறும் கருத்து இவ்வைப்பு முறையிலேயே அடங்கியுள்ளது. எனினும் அவர் அத்துடன் நிற்கவில்லை. நிலங்கள் தம்முள் மயங்குதலை விலக்கிய அவர், ஒரு திணைக்குரிய ஒழுக்கம் பிறிதொரு நிலத்தில் நிகழ்தலை விலக்கவில்லை. நிலம் அசையாது, ஒழுக்கம் அசையும் என்பதே இதன் பொருளாக நமக்குத் தோன்றுகின்றது.

நம் சமூகத்தையே எடுத்துக்கொள்வோம். குசராத்திலும் இராசத்தானத்திலும் வாழும் சைன மக்கள் பெரும்பாலும் வணிகர். மழை குறைந்து வாணிக வழிகள் நிறைந்த நாடு அவர்களுடையது. ஏர் பிடித்தால் உயிர்கள் மாயும் என்னும் அச்சத்தோடு நிலத்தின் வறட்சியும் சேர்ந்து அவர்களைக் கடைவீதிக்கு அனுப்பியது. தமிழ்ச் சமணராகிய நாமோ வழிவழியாக உழவர். வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனப் பகுதிகளில் ஏரிநீரை நம்பியும், தஞ்சை, குடந்தை, மன்னார்குடி, தீபங்குடிப் பக்கங்களில் ஆற்றுநீரை நம்பியும் வாழ்ந்தோம். கிருட்டிணை ஆற்றை ஒட்டிய பெல்காம், கோலாப்பூர்ப் பகுதிச் சைனரிலும் உழவர் மிகப் பலர். ஆறு ஓடும் இடத்தில் அறவோரும் ஏர் பிடித்தனர். சினசேனாசாரியரின் ஆதிபுராணம், பகவான் விருஷபதேவர் மக்களுக்குக் கற்பித்த ஆறு தொழில்களுள் உழவையும் வைத்தெண்ணுகின்றது. இல்லறத்தான் கொல்லும் எண்ணத்தோடு செய்யும் சங்கற்ப இம்சையை முற்றும் விலக்க வேண்டும். வாழ்க்கைத் தொழிலில் நேரும் இம்சையை இயன்றவரை குறைக்க வேண்டும் என்பது ஆன்றோர் வகுத்த நெறி.

இந்த ‘இயன்றவரை’ என்னும் சொல்லில்தான் இடர் அனைத்தும் ஒளிந்துள்ளது.

காவிரிச் சமவெளியின் இயல்பைச் சிறிது எண்ணுவோம். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகின்றது. கல்லணையில் வெண்ணாறு பிரிகின்றது. அதன்பின் ஆறுகள் கிளைத்துக் கிளைத்து வாய்க்கால்களாகிக் கடலை நோக்கிச் செல்கின்றன. நிலமோ மிக மென்மையான சரிவுடையது. பல ஊர்களில் ஒவ்வொரு வயலுக்கும் தனி வாய்க்கால் இல்லை. ஒருவர் வயலில் நிறைந்த நீரே அடுத்தவர் வயலுக்குப் பாய்கின்றது. ஆகவே இங்கு எவரும் தனித்து உழவு செய்ய இயலாது. நெல் விளையும் நாட்டார் ஒருவரையொருவர் சார்ந்து வாழும் மனப்பாங்கும், கோதுமை விளையும் நாட்டார் தனித்தியங்கும் மனப்பாங்கும் மிகுதியாக உடையவர் என்று சீன மாணவர் ஆயிரவருக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2014-இல் அறிஞர் சிலர் எழுதினர். பாலித் தீவில் சுபக் எனப்படும் உழவர் கூட்டங்கள் நீர்க்கோயில்களில் கூடி நடவு நாளை ஒன்றாகக் குறிக்கின்றன. தலைமடையார் தம் விருப்பப்படி நட்டால் கடைமடையில் பெருகும் பூச்சியும் எலியும் மேலேறித் தம் வயலையே தாக்கும் என்பதை அவர்கள் அறிவர்.

இவற்றைப் படிக்கையில் நெல்லும் நீரும் தாமே மனிதரை அன்புடையோராக்கிவிடும் என்று எண்ணத் தோன்றும். அவ்வெண்ணத்தை நம் மண்ணே மறுக்கின்றது. ஒத்துழைப்பின்றி ஒரு படி நெல்லும் விளையாத இச்சமவெளியில்தான் பண்ணையாள் முறை வேரூன்றியிருந்தது. அவர்களைக் காக்க 1952-இல் தனிச்சட்டம் வேண்டியிருந்தது. 1968 திசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட உழைப்பாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெண்களும் குழந்தைகளுமாக, ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். பாலித் தீவிலும் நெல்தான், இங்கும் நெல்தான். காவிரி அந்தத் தீயை மூட்டவில்லை.

நாம் அவ்வூரார் அல்லோம், அச்செயலில் நமக்குப் பங்கில்லை என்று கூறி ஒதுங்குதல் எளிது. ஆயினும் நம்மைப் பற்றியும் ஒரு சொல் உண்டு. நிலமுடைய நம் முன்னோர் பலர் தாம் ஏர் பிடிக்காது வரப்பில் நின்று பிறரை உழச் செய்தனர். உழுவதால் வரும் வினை உழுதவனுக்கே, நம் நோன்பு பழுதின்றி நின்றது என்று மனநிறைவு கொண்டோரும் இருந்திருப்பர். ஆகமம் அதற்கு இடம் தரவில்லை. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் வினைக்கு வாயில்கள். சேற்றில் இறங்கிய கூலியாளின் காலடியில் நசுங்கிய நத்தை அவன் கணக்கில் மட்டும் சேர்வதில்லை. வெயிலில் வாடிய அவன் முதுகும் நிலமுடையோன் கணக்கில் சேர்கின்றது. இதைச் சொன்னால் நம்மவருள் சிலர் முகம் சுளிப்பர், அறிவோம்.

இன்று கூலியாளும் அரிதாகி இயந்திரம் வந்துவிட்டது. குருணை மருந்தும் வந்துவிட்டது. நண்டு வரப்பைத் துளைக்கும், இளநாற்றின் தண்டை வெட்டும், உண்மையே. கைப்பிடி மருந்தைத் தூவினால் ஓரிரவில் நண்டு ஒழியும். தொழிலில் நேர்ந்த இம்சை என்று இதனைக் கூற இயலுமா? கொல்லும் எண்ணத்தோடு தூவியதன்றோ! மேலும் வயலுக்கு வயல் நீர் பாயும் நாட்டில் அம்மருந்து நம் வரப்போடு நிற்பதில்லை.

நீரின் கதையும் இத்தகையதே. 1924 ஒப்பந்தம், 1990-இல் அமைந்த நடுவர் மன்றம், அதன் 2007 இறுதித் தீர்ப்பு, 2018-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என மேல்நாட்டார் நமக்குரிய பங்கை விட வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக முறையிடுகின்றோம். முறையீடு நேரியதே. ஆனால் மேட்டூரில் நீர் திறந்ததும் தலைமடையில் நிலமுடைய நம்மில் எத்தனை பேர் வயல் நிரம்பிய பின்னும் மடையைத் திறந்தே வைக்கின்றோம்? வேதாரண்யத்தையும் தலைஞாயிற்றையும் அடுத்த கடைமடை ஊர்களில் நாற்றங்கால் காய்ந்து கிடக்க, மேலே மிகுநீர் வடிகாலில் வீணே ஓடுவதைக் கண்டிருக்கின்றோம். மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்தைப் பொன்னோடும் வீட்டோடும் பொருத்திப் பேசுவது நம் வழக்கம். மடையோடு பொருத்திப் பேசுவதைக் கேட்டிலோம்.

மன்னார்குடிப் பக்கத்தில் நாம் இளமையில் கண்ட பெரியவர் ஒருவர் நினைவுக்கு வருகின்றார். சேற்றுழவுக்கு முதல்நாள் மாலையே அவர் வயலில் நீர் கட்டிவிடுவார். வளைகளில் உள்ளவை வெளிப்பட்டு வரப்பேற ஓரிரவு வேண்டும் என்பார். விடியலில் கொக்குகள் வந்து அவற்றுள் பாதியைக் கொத்திச் செல்லும். கொக்குக்கு நோன்பு கற்பிக்க நம்மால் இயலாது என்று சிரிப்பார். உழவன்று கூலியாட்களோடு தாமும் சேற்றில் இறங்குவார். வயல் நிறைந்ததும், நள்ளிரவாயினும், பார்ப்போர் ஒருவரும் இல்லையாயினும், விளக்கோடு சென்று மடையை அடைத்து நீரைக் கீழ்வயலுக்கு விடுவார். அடைப்பதற்கு அள்ளிய சேற்றை உடனே வைத்துவிடமாட்டார். விளக்கருகே கொணர்ந்து, நத்தை ஏதும் ஒட்டியுள்ளதா என்று விரலால் தடவிப் பார்த்த பின்னரே மடைவாயில் அப்புவார்.