மலையும் மனையும்

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில் ஊதியூர் என்று ஓர் ஊர். வெயிலில் காய்ந்த கொங்கு நாட்டு மேட்டு நிலத்துக்கு நடுவே ஒரு மலை. அதில் வேலாயுத சுவாமி கோயில். இன்னும் மேலே ஏறினால், கொங்கணச் சித்தர் தவம் செய்ததாகச் சொல்லப்படும் குகை. அவர் இங்கே ஊதிப் பொன் செய்தார், அதனால்தான் இது பொன்னூதி மலை என்பார்கள். பொன் எங்கே போயிற்றோ, காற்று மட்டும் இன்னும் ஊதிக்கொண்டிருக்கிறது.

நான் போயிருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. குகை வாசலில் ஓர் அம்மாள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலையாம். எழுந்தவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"இங்கியே இருந்துக்கலாம்னு இருக்குதுங்க. ஆனா நாளைக்கு எட்டரைக்கெல்லாம் கம்பெனியில நிக்கோணுமுங்க. அதுக்குள்ள சோறாக்கிப் பசங்களை அனுப்போணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மலையிறங்கும்போது அந்தச் சிரிப்பும் என்னோடு இறங்கி வந்தது. உலகத்தை உதறிவிட்டு மலையேறியவர் பெரியவரா, மலையில் தங்க முடியாமல் உலகத்தைச் சுமப்பவர் பெரியவரா?

கொங்கணவர் கதையிலேயே இந்தக் கேள்வி இருக்கிறது. ஒரு நாள் அவர்மேல் கொக்கு ஒன்று எச்சமிட்டது. அண்ணாந்து பார்த்தார்; கொக்கு எரிந்து சாம்பலாயிற்று. பிறகு அவர் பிச்சைக்குப் போய் நின்றது, நெசவு செய்து பிழைத்த வள்ளுவர் வீட்டு வாசலில். வாசுகி கணவருக்குச் சோறு படைத்துவிட்டுத் தாமதமாக வந்தாள். சித்தர் விழித்துப் பார்த்தார். அவள் அசையவில்லை. "கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா?" என்றாள்.

இருவரும் ஒரே காலத்தவரா என்று சரித்திரக்காரர்கள் கேட்பார்கள், கேட்கட்டும். பதிவிரதையின் மகிமைக்குச் சாட்சியாகவே இந்தக் கதையைச் சொல்லி வந்திருக்கிறோம். எனக்கு அது போதவில்லை. மலைமேல் யாரும் நம்மைக் காக்க வைப்பதில்லை, எதிர்த்துப் பேசுவதில்லை. அங்கே கோபம் வராமலிருப்பது பெரிய காரியமல்ல. கோபம் வராமலிருப்பது வேறு, கோபத்தை வென்றிருப்பது வேறு. அந்த வித்தியாசம் சித்தருக்குத் தெரிந்தது குகையில் அல்ல, ஒரு வீட்டுத் திண்ணையோரத்தில்.

அப்படியானால் தனிமையே வீணா? அப்படியும் சொல்வதற்கில்லை. இங்கிலாந்தில் காட்ரிக் என்று ஒரு கிறிஸ்தவத் துறவி இருந்தார். திருப்பூர்க்காரர்களுக்குப் பிடிக்கக்கூடிய மனிதர். ஏனென்றால் முதலில் அவர் வியாபாரி. தலைச்சுமையாகச் சில்லறைச் சாமான் விற்று, பிறகு கப்பலேறி வாணிபம் செய்து பொருள் சேர்த்தவர். ரோமாபுரிக்கும் ஜெருசலேமுக்கும் யாத்திரை போனார். கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, டர்ஹாம் நகருக்கு அருகே ஃபிங்கேல் என்ற ஆற்றங்கரைக் காட்டில் குடிசை போட்டார். ஏறக்குறைய அறுபது வருஷம் அங்கேயே இருந்து, 1170-இல் மறைந்தார்.

அவரைப் பற்றியும் ஒரு கதை உண்டு. வேடர்கள் துரத்திய மான் ஒன்று மூச்சிரைக்க அவர் குடிசைக்கு ஓடி வந்தது. அதை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். வேடர்கள் வந்து கேட்டபோது, அது எங்கே என்று கடவுளுக்குத் தெரியும் என்று சொல்லி நின்றார். அவர்கள் திரும்பிப் போனார்கள்.

ஒரு துறவியின் அருகே வந்த கொக்கு சாம்பலாயிற்று. இன்னொரு துறவியின் அருகே வந்த மான் பிழைத்தது. தவத்தை அளக்க இதைவிட நல்ல படி எனக்குத் தெரியவில்லை. எத்தனை வருஷம் உட்கார்ந்தார் என்பதல்ல. அவரை நெருங்கிய உயிர் என்ன ஆயிற்று என்பதுதான்.

வள்ளுவர் இதை அறிந்திருந்தார். குறளில் துறவு 35-ஆம் அதிகாரம். அருளுடைமை 25, வெகுளாமை 31, கொல்லாமை 33. அருளையும் பொறுமையையும் கடந்துதான் துறவின் வாசலுக்கு வர முடியும். கொங்கணவர் குறுக்கு வழியில் வந்துவிட்டார் போலும்.

இந்த இடத்தில் இல்லறத்தாராகிய நாம் மகிழ்ந்து போகக் கூடாது. "வீட்டு வேலையே தவம்" என்று அந்த அம்மாளிடம் சொல்லியிருக்கலாம். அது எவ்வளவு சுலபம்! எவ்வளவு சௌகரியம்! காட்ரிக் துறந்தார், துறக்க அவருக்குச் சுதந்தரம் இருந்தது. கொங்கணவர் மலையேறினார், யாரும் அவரைச் சோறாக்கக் கூப்பிடவில்லை. இறங்கி வந்தபோது யாரோ ஒருத்தி ஆக்கிய சோற்றுக்குத்தான் கையேந்தினார். வாசுகியை யாராவது, "நீயும் ஒரு நாள் மலைக்குப் போகிறாயா?" என்று கேட்டார்களா? தேர்ந்தெடுக்க இடமில்லாத ஒருத்தியின் உழைப்பைத் தவம் என்று புகழ்வது, அவளை அடுப்படியிலேயே நிறுத்தி வைக்கும் தந்திரமாகவும் ஆகிவிடலாம்.

ஆகவே எவர் பெரியவர் என்ற கேள்வியை நான் விட்டுவிட்டேன். மலையிலிருப்பவன் கொக்கை எரிக்காமலிருக்க வேண்டும். மனையிலிருப்பவன், தன் வீட்டிலும் ஒரு ஜீவன் கண்ணை மூடிச் சற்று நேரம் தனியே உட்கார ஏங்குகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். அதற்கு ஊதியூர்வரை போக வேண்டியதில்லை. ஒரு வேளைச் சோற்றை நாமே ஆக்கினால் போதும்.