ஐந்து டாலர் முதலாளி

1930-களின் நடுவில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்துக்கு ஒன்றில்தான் கரன்ட் இருந்தது. தனியார் கம்பெனிகள் கணக்குப் போட்டுப் பார்த்தன. மைலுக்கு நாலைந்து வீடு... கட்டுப்படியாகாது என்று கையை விரித்துவிட்டன. காமர்ஸ் படித்தவன் சொல்கிறேன், அந்தக் கணக்கில் தப்பே கிடையாது!

விவசாயிகள் வேறு கணக்குப் போட்டார்கள். அதிபர் ரூஸ்வெல்ட் 1935-ல் தொடங்கிய கிராம மின்மய நிர்வாகம் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்தது. பல ஊர்களில் ஆளுக்கு ஐந்து டாலர் போட்டுக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள், கம்பி இழுத்தார்கள். இருபதே வருஷத்தில் பத்தில் ஒன்பது பண்ணைகளில் பல்ப் எரிந்தது.

இன்றும் அங்கே சுமார் 900 சங்கங்கள் இருக்கின்றன. பெரிய பண்ணைக்காரருக்கும் ஒரு ஓட்டு, ஒண்டிக்குடித்தனக்காரருக்கும் ஒரு ஓட்டு. செலவு போக மிஞ்சுகிற பணம் உறுப்பினர்கள் பெயரில்தான் வரவு.

ஆனால், பல சங்கங்களில் இயக்குநர் தேர்தல் வந்தால் பத்தில் ஒருத்தர்கூட ஓட்டுப் போடுவதில்லை. ஸ்விட்சைத் தட்டினால் லைட் எரிகிறது, அப்புறம் கூட்டத்துக்கு எதற்குப் போகணும்?

யோசித்துப் பாருங்கள். தாத்தா முதலாளியாக இருந்த இடத்தில் பேரன் பில் கட்டுகிற கஸ்டமராகிவிட்டான். சொத்தை யாரும் பிடுங்கவில்லை, இவனாகத்தான் விட்டுவிட்டான். அப்புறம் கட்டணம் ஏறினால் யாரிடம் போய்க் கோபப்படுவது?

அது சரி, உங்கள் அபார்ட்மென்ட் சங்கக் கூட்டத்துக்கு நீங்கள் கடைசியாகப் போனது எப்போது?