அடுக்களைச் சிக்கனத்தின் அறம்

வருமானம் குறையக் குறைய அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடிக்கொண்டே போகும். பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவுசெலவுக் கணக்குகளை ஆராய்ந்த ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல் 1857-ல் இதை ஒரு விதியாகவே எழுதிவைத்தார். இந்தியாவில் 2023-24-க்கான குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பும் இதையே காட்டுகிறது: கிராமத்து வீடுகளில் மாதச் செலவில் 47 விழுக்காடு உணவுக்குப் போகிறது, நகரத்து வீடுகளில் 40 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு.

கைக்கு நெருக்கடி வந்ததும் குடும்பம் முதலில் எடுத்துப் பார்ப்பது மளிகைச் சிட்டையை. வாடகை குறையாது, பள்ளிக் கட்டணமும் கடன் தவணையும் தள்ளிப்போகா. எண்ணெயில் அரை லிட்டர், பருப்பில் கால் கிலோ, பாலில் ஒரு பாக்கெட் என்று குறைக்க இடமிருப்பது அடுக்களையில்தான். இப்படிக் குறைப்பது அறமா, உலோபமா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சிக்கனமானவரும் குறைவாகச் செலவழிக்கிறார், உலோபியும் குறைவாகச் செலவழிக்கிறார். தொகையை மட்டும் வைத்து இருவரையும் பிரித்தறிய வழியில்லை.

திருக்குறள் உலோபத்தை மன்னிப்பதில்லை. வீடு நிறையப் பொருளைச் சேர்த்துவைத்துத் தானும் உண்ணாதவனை 'நன்றியில் செல்வம்' என்ற 101-ஆம் அதிகாரம் செத்தவனாகவே கணக்கில் வைக்கிறது. அதே நூல் 'வலியறிதல்' அதிகாரத்தில், வருவாய் சிறுத்திருந்தாலும் செலவின் வழி அகலாமல் இருந்தால் கேடில்லை என்கிறது. அளவறியாமல் வாழ்பவனின் வாழ்க்கை இருப்பது போலத் தோன்றி இல்லாமல் போகும் என்றும் எச்சரிக்கிறது. இந்த அறிவுரை வருவது அரசனுக்கு உரிய அரசியல் பகுதியில். இல்லறவியலிலோ வரவுக்குத் தக வாழும் கடமை மனைவிக்கு வைக்கப்படுகிறது. நாட்டை ஆள்பவனுக்கும் வீட்டை நடத்துபவளுக்கும் ஒரே இலக்கணம் சொல்லப்பட்டிருப்பது சாதாரணச் செய்தியல்ல.

அந்த இல்லறக் குறளுக்குப் பரிமேலழகர் எழுதிய உரை இன்னும் ஆழமானது. மனைவிக்குரிய நற்குணங்களாக அவர் துறவியரைப் பேணுவதையும், விருந்தோம்புவதையும், வறியவரிடம் அருள் காட்டுவதையும் எண்ணுகிறார். நற்செய்கைகளாக அவர் எண்ணுபவை, வாழ்க்கைக்கு வேண்டிய பொருள்களை அறிந்து பேணுவது, சமையல் தொழிலில் வல்லமை, ஒப்புரவு செய்வது ஆகியன. எந்தப் பண்டம் எவ்வளவு வேண்டும், எப்போது வாங்கவேண்டும், எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்ற மளிகை அறிவு ஒப்புரவோடு ஒரே வரிசையில் நிற்கிறது. சிக்கனத்தைத் தனித்த ஒழுக்கமாக அவர் நிறுத்தவில்லை. விருந்தினரும் வறியவரும் இருக்கும் வீட்டில்தான் அது நற்செய்கையாகிறது. அந்த இருவரையும் அகற்றிவிட்டால் மிஞ்சுவது கணக்கு மட்டுமே.

தைத்திரீய உபநிடதத்தின் பிருகுவல்லியில் உணவைப் பற்றி நான்கு விரதங்கள் அடுத்தடுத்து வருகின்றன: உணவைப் பழிக்காதே, உணவை ஒதுக்காதே, உணவைப் பெருக்கு, தங்க வந்த எவரையும் திருப்பி அனுப்பாதே. முதல் மூன்றும் உணவைக் காப்பது பற்றியவை. நான்காவது அதைக் கொடுப்பது பற்றியது. காக்காதவனால் கொடுக்க முடியாது என்ற தர்க்கம் இந்த வரிசைக்குள்ளேயே இருக்கிறது.

உணவைப் பழிக்காமலும் ஒதுக்காமலும் இருப்பது அன்றாட அடுக்களையில் எப்படி நடக்கிறது? பீர்க்கங்காயைப் பொரியலுக்கு நறுக்கிய பின் தோலைக் கொட்டிவிடாமல், இரண்டு வரமிளகாய், கொஞ்சம் உளுத்தம்பருப்பு, துளிப் புளியோடு வதக்கித் துவையலாக அரைத்தால் ஒருவேளைக்குத் தொடுகறி ஆகிவிடும். இரவில் மிஞ்சிய சோற்றில் நீரூற்றி வைத்தால் காலையில் அது பழைய சோறு. கூடவே ஒரு சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் போதும். புது வரத்து வந்து விலை இறங்கியிருக்கும் மாசி, பங்குனியில் வருஷத்துக்கான புளியை வாங்கிக் கொட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பானையில் அடைப்பார்கள். துவரையைச் செம்மண் கட்டிக் காயவைத்தால் வண்டு அண்டாது. கொத்தவரங்காயும் சுண்டைக்காயும் மலிந்திருக்கும்போது வத்தலாகி, காய்கறி விலை ஏறும் மாதத்தில் குழம்புக்குள் போகும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, தமிழக அரசு அதை 60 ரூபாய்க்கு ரேஷன் கடைகளில் விற்க நேர்ந்தபோது, பானையில் புளி வைத்திருந்த வீட்டில் ரசம் தடைப்படவில்லை.

இந்த முறைகளில் எதுவும் யாருடைய வயிற்றையும் சுருக்குவதில்லை. குப்பைக்குப் போகவேண்டியது தட்டுக்கு வருகிறது. விளைச்சல் மிகுந்த நாள் அது குறைந்த நாளுக்கு உதவுகிறது. இதன் அளவு சிறிதென்று ஒதுக்கிவிட முடியாது. 2022-ல் உலகெங்கும் கடைகள், உணவகங்கள், வீடுகள் ஆகியவற்றில் வீணான உணவு 105 கோடி டன் என்று ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் மதிப்பிட்டது. அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. சிக்கனத்தின் முதல் வகை இதுதான்: உணவின் பக்கம் நின்று செய்யப்படும் சிக்கனம். இதற்கு எந்தச் சமயத்திலும் எதிர்ப்பு இல்லை. யோவான் நற்செய்தியில், ஐயாயிரம் பேர் உண்டு நிறைந்த பிறகு மீந்த துண்டுகள் ஒன்றும் வீணாகாதபடி சேர்த்தெடுக்கச் சொல்கிறார் இயேசு. சற்றுமுன் ஐந்து அப்பங்களைப் பெருக்கியவர் அவர். பெருக்கும் ஆற்றல் உள்ளவரும் துண்டுகளை விட்டுவிடவில்லை.

இரண்டாவது வகை, சேர்த்துவைக்கும் சிக்கனம். இங்கே சமயங்கள் எச்சரிக்கையாகப் பேசுகின்றன. பாலைவனத்தில் இஸ்ரயேலருக்குக் கிடைத்த மன்னாவை ஆளுக்கு ஓர் அளவு என்று எடுத்துக்கொள்ளச் சொன்னதாக யாத்திராகமம் கூறுகிறது. அதிகம் சேர்த்தவனுக்கு மிஞ்சவில்லை, குறைவாகச் சேர்த்தவனுக்குக் குறையவில்லை. மறுநாளுக்கு ஒளித்துவைத்தது புழுத்துப்போனது. ஆனால் ஓய்வுநாளுக்கு முந்திய ஆறாம் நாளில் இரட்டிப்பாய் எடுத்துவைக்க அனுமதி இருந்தது. அது கெடவும் இல்லை. நாளைக்கென வைப்பதைக் கதை விலக்கவில்லை, நம்பிக்கையில்லாமல் பதுக்குவதையே விலக்குகிறது. குர்ஆனின் 17-ஆம் அத்தியாயம் விரயம் செய்வோரைச் சைத்தானின் சகோதரர் என்று கண்டித்த உடனேயே, கையைக் கழுத்தோடு கட்டிக்கொள்ளவும் வேண்டாம், முழுக்க விரித்துவிடவும் வேண்டாம் என்கிறது. 25-ஆம் அத்தியாயத்தில் இறைவனின் நல்லடியாருக்கு அடையாளமாகச் சொல்லப்படும் பண்புகளில், செலவில் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பதும் ஒன்று.

மிச்சமான பணம் எங்கே போகவேண்டும் என்பதை மிகத் துல்லியமாகச் சொல்வது, இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிறிஸ்தவ நூலான 'ஹெர்மாஸின் மேய்ப்பன்'. நோன்பிருக்கும் நாளில் உண்ணாமல் விட்ட உணவின் விலையைக் கணக்கிட்டு, அதை விதவைக்கோ அனாதைக்கோ இல்லாதவருக்கோ கொடுத்துவிட வேண்டும் என்று அது வகுக்கிறது. விட்ட வேளையின் காசு பணப்பைக்குள்ளேயே கிடந்தால், பசி பொறுத்ததன் பயன் பிறருக்குப் போய்ச் சேரவில்லை. வள்ளலார் 1867-ல் வடலூரில் தொடங்கிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் எரிகிறது. பசியாற்றுவதையே ஜீவகாருண்யத்தின் அடிப்படையாக வைத்தவர் அவர். ஏழைகளின் பசியைத் தீர்ப்பதுதான் ஒருவன் தன் பொருளைச் சேமித்துவைக்கும் இடம் என்று திருக்குறளின் ஈகை அதிகாரம் சொல்வதும் இந்தக் கருத்தை ஒட்டியதே. சேமிப்பும் கொடையும் எதிரெதிர்த் துருவங்கள் என்ற எண்ணம் அந்தக் குறளுக்குள் நிற்காது.

மூன்றாவது வகையில்தான் சிக்கலே இருக்கிறது: தன் செலவைப் பிறர் தலையில் இறக்கிவைக்கும் சிக்கனம். தள்ளுவண்டியில் கீரை விற்கும் பெண்ணிடம் ஒரு கட்டுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்பவர், பெரிய கடையில் அச்சிட்ட விலையை மறுபேச்சில்லாமல் கொடுக்கிறார். அந்த இரண்டு ரூபாய் வீணானதிலிருந்து மீட்டெடுத்த பணமல்ல, இன்னொருவர் கூலி. பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேணுவதே வணிகம் என்று குறளின் நடுவுநிலைமை அதிகாரம் வணிகருக்கு விதிக்கிறது. அந்த நீதி வாங்குபவரையும் கட்டவேண்டும். கூடுதல் மலிவுக்கு ஆசைப்பட்டு, கலப்படம் என்று தெரிந்தே எண்ணெய் வாங்குவதும் இதே வகையில் சேரும். அங்கே செலவு இறங்குவது வீட்டிலிருக்கும் குழந்தையின் உடம்பில்.

சிக்கனத்தைப் போதிப்பவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. வருஷப் புளியும் மூட்டை அரிசியும் வாங்க மொத்தமாகக் கையில் பணம் வேண்டும். வைக்க இடமும் வேண்டும். நாள்கூலியில் வாழும் வீட்டில் இரண்டும் கிடையா. பெட்டிக்கடையில் 10 ரூபாய்க்கு எண்ணெயும் 5 ரூபாய்க்கு மிளகாய்த்தூளும் வாங்குபவர், அதே பொருளை மொத்தமாக வாங்குபவரைவிடக் கிலோவுக்கு அதிக விலை கொடுக்கிறார். அவரிடம் போய்ச் சிக்கனம் போதாது என்று சொல்வது அநீதி. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைகளுக்கு விலையில்லா அரிசி தருவதும், ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் விற்பதும் தனி வீட்டின் ஒழுக்கத்தால் தீராத பகுதியைச் சமூகம் தன் கணக்கில் எழுதிக்கொள்வதாகும். இதை இலவசம் என்று இகழ்பவர்கள், பசியாற்றுவதைத் தலையாய தருமமாகச் சொல்லும் தங்கள் மரபையே மறந்துவிடுகிறார்கள்.

இந்த மூன்று வகைகளையும் ஒரே செயலில் சோதித்துப் பார்க்க வாய்ப்பளிப்பது பிடியரிசிப் பழக்கம். காலையில் உலைக்கு ஆழாக்கால் அரிசி அளந்தபின், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். நிறைந்ததும் அது கோவிலுக்கோ அன்னதானத்துக்கோ போகும். காஞ்சி சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் இதை வீடுதோறும் செய்யச் சொல்லி வற்புறுத்தினார். வடகிழக்கில் மிசோரம் பிரஸ்பிட்டேரியன் திருச்சபையின் பெண்கள் 1910 முதல் இதே போலச் சமைக்குமுன் ஒரு பிடி அரிசியை ஒதுக்கித் திருச்சபைப் பணிக்குத் தந்துவருகிறார்கள். அங்கே இதற்கு 'பூஃபாய் தம்' என்று பெயர். இந்தப் பழக்கத்தால் மளிகைச் செலவு ஒரு காசும் ஏறுவதில்லை. மிஞ்சியதிலிருந்து கொடுப்பதுமில்லை, சமைக்குமுன் எடுத்து ஒதுக்குகிறார்கள். கொடை முதலில், சாப்பாடு பிறகு என்ற ஒழுங்கு இதில் இருக்கிறது.

ஆனால் பானைக்குள் போகாத அந்த ஒரு பிடி யார் தட்டில் குறைகிறது? எல்லோரும் ஒரு கவளம் குறைத்துச் சாப்பிட்டால் கொடை குடும்பத்தின் கொடை. கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் வழக்கமான அளவு பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும் பெண்ணின் தட்டில் அது குறைந்தால், புண்ணியம் வீட்டுக்கு, பசி அவளுக்கு. கொடைக்குப் பொருந்துவது சிக்கனத்துக்கும் அப்படியே பொருந்தும். பருப்பு கால் கிலோ குறைக்கப்பட்ட மாதத்தில் சாம்பாரின் அடியில் கிடக்கும் பருப்பு முதலில் உட்கார்ந்தவர்களுக்கு வந்துவிடும். கடைசித் தட்டுக்குத் தெளிந்த நீர்தான். முட்டை நான்குதான் என்றால் ஐந்தாவது ஆள் யாரென்று எந்த வீட்டிலும் கேட்கவேண்டியதில்லை.

விருந்தினர் உண்டபின் மிச்சத்தை உண்பவனைக் குறள் புகழ்கிறது. அவன் நிலம் விதைக்காமலே விளையும் என்கிற அளவுக்குப் புகழ்கிறது. அந்தப் புகழுக்குரியவன் நிலத்துக்குச் சொந்தக்காரனான இல்லறத்தான். நடைமுறையிலோ ஆண் தன் வீட்டிலேயே விருந்தாளி ஆகிவிட்டான். மிச்சம் உண்ணும் கடமை மட்டும் பெண்ணுக்கு இடம் மாறியது, புகழ் மாறவில்லை. 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. இதற்குக் காரணங்கள் பல. கீரையும் பருப்பும் முட்டையும் கடைசித் தட்டை எட்டாமல் போவது அவற்றில் ஒன்று. விரும்பி ஏற்ற நோன்பைச் சமயங்கள் பலவும் போற்றுகின்றன. ஒருவருடைய சம்மதம் கேட்காமல் அவர்மீது விழும் பட்டினியை நோன்பென்று எந்தச் சமயமும் ஏற்காது. கேட்டாலும் 'எனக்குப் பசியில்லை' என்றே அவள் சொல்வாள் என்பது இன்னும் வருந்தத்தக்கது. அந்தப் பதிலைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் உரிமை யாருக்கும் இல்லை.

ஆகவே மாதச் செலவைக் குறைக்க முடிவெடுக்கும் வீடு, பரிமாறும் முறையையும் அதே நாளில் மாற்றவேண்டும். எல்லோரும் ஒரே வேளையில் உட்காருங்கள். பானையில் சோறு குறைவாக இருந்தால் அந்தக் குறைவு எல்லோர் கண்ணிலும் படட்டும். சமைத்தவருக்கும் சேர்த்து முதலிலேயே தட்டு வையுங்கள்.