பல்கனியில் ஒரு தள்ளுவண்டி

கடந்த ஜனவரியில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. வழக்காளி அம்மா. எதிரி நான். என் ஒன்பது மாத மகளைப் பூச்சியத்துக்குக் கீழே 4 பாகைக் குளிரில், பல்கனியில், தள்ளுவண்டிக்குள் நித்திரை கொள்ள விட்டதுதான் குற்றம்.

ஒஸ்லோவில் இது குற்றமல்ல, பிள்ளை வளர்க்கும் முறை. பாலர் பாடசாலை முற்றங்களில் மதியவேளை தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும். உள்ளே கம்பளிக்குள் பிள்ளைகள் தூங்கும். மோசமான காலநிலை என்று ஒன்றில்லை, மோசமான உடுப்புத்தான் உண்டு என்பது இந்த ஊர்ப் பழமொழி. தகப்பன்மாருக்கென்று விடுமுறை ஒதுக்கும் சட்டம் 1993இல் இங்கே வந்தது. அதன் புண்ணியத்தில் பகலில் பிள்ளையோடு நிற்பவன் நான். ஊரார் செய்வதை நானும் செய்தேன்.

"பிள்ளைக்கு வெயில் வேணும் அம்மா" என்று வாதாடினேன். அது பொய் வாதம். 60 பாகை வட அகலக்கோட்டில் தை மாத வெயில் தோலில் விற்றமின் டி உண்டாக்கப் போதாது. அதனால்தான் துளிமருந்து கொடுக்கிறோம். அந்த வாதம் விழுந்தபின் என்னிடம் மிஞ்சியது வழக்கம் ஒன்றுதான். அம்மாவிடமும் வழக்கம்தான் இருந்தது: முப்பத்தொன்று கழியும்வரை வாசல் தாண்டக்கூடாது, அந்திப் பனி படக்கூடாது, வெளியே போனால் நாவூறு படாமல் கன்னத்தில் கறுத்தப் பொட்டு.

ஆனால் யோசித்துப் பார்த்தால், யாழ்ப்பாணத்தில் எந்தப் பிள்ளை வீட்டுக்குள் வளர்ந்தது? விறாந்தை வெளி. முற்றம் வெளி. வேப்பமர நிழலில் கட்டிய ஏணை வெளி. வேலிப் பொட்டுக்குள்ளால் வந்து தூக்கிப்போகும் பக்கத்து வீட்டு அக்காவின் இடுப்பும் வெளிதான். பிள்ளையை உலாத்தக் கூட்டிப்போகும் தேவையே அங்கு இருக்கவில்லை. நாங்கள் நாடு விட்டு வந்தபோது 'வெளியே கொண்டுபோகாதே' என்ற சொல் கூடவே வந்தது. முற்றம் வரவில்லை. மூன்றாம் மாடி அறைக்குள் அந்தச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பது ஊர் வழக்கமாகுமா?

மறுபக்கமும் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. 1997இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஒரு தாய், நியூயோர்க்கில் உணவகமொன்றின் யன்னலுக்கு வெளியே 14 மாத மகளைத் தள்ளுவண்டியில் விட்டுவிட்டு, உள்ளேயிருந்து பார்த்தபடி சாப்பிட்டார். பெற்றோர் இருவரும் கைதானார்கள். பிள்ளை சில நாட்கள் அவர்களிடமிருந்து பிரித்து வைக்கப்பட்டது. குற்றச்சாட்டுகள் பின்னர் கைவிடப்பட்டன. கொப்பன்ஹேகனில் யாரும் திரும்பிப் பார்க்காத காரியம் அது. அப்படியானால், பிள்ளையைத் தெருவில் விடுவது சரியா பிழையா என்பதை அந்தத் தாய் மட்டும் தீர்மானிப்பதில்லை. தெருவில் போகிற எல்லோருமாகச் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கிறார்கள். நம்பிக்கை ஒரு தனிமனிதக் குணமல்ல. அது ஊர்ப் பொதுச்சொத்து, கிணறு மாதிரி. அதில் எனக்கும் பங்கு உண்டா என்ற கேள்வி, கபே வாசலில் தள்ளுவண்டியை நிறுத்தும்போதெல்லாம் எனக்கு வருகிறது. பக்கத்தில் நிற்கும் வண்டியின் தாய்க்கு அது வராது என்றே நினைக்கிறேன்.

அந்த ஜனவரியில் நான் குளிக்கப் போகும் நேரம் பார்த்து அம்மா வண்டியை உள்ளே இழுத்துவிடுவார். இரண்டு முறை சண்டை பிடித்தேன். மூன்றாம் நாள் வந்து பார்த்தால் வண்டி பல்கனியிலேயே நின்றது. பக்கத்தில் சமையலறைக் கதிரையைப் போட்டு, என் பெரிய ஜக்கெற்றை மாட்டிக்கொண்டு அம்மா இருந்தார்.

"உள்ள வாங்கோ அம்மா, குளிருது."

"குளிர் கிடக்கட்டும் தம்பி. பிள்ளை கண் முழிக்கேக்க ஆரும் பக்கத்தில நிக்க வேணும்."

1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமத்துச் சனம் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது எனக்கு எட்டு மாதம். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு போன மிக நீண்ட நடை அது. சன நெரிசலில் ஒரு கணமும் கையை விடவில்லை என்பதை மட்டும்தான் சொல்லியிருக்கிறார். நான் வெப்பமானியைப் பார்த்து வாதாடிக்கொண்டிருந்தேன். அம்மாவின் வழக்கு குளிரைப் பற்றியதே அல்ல.

தனியே காற்றில் தூங்கி எழும் பிள்ளை உலகத்தை நம்பப் பழகும் என்கிறது இந்த நாடு. கண் திறந்ததும் ஒரு முகம் தெரிந்தால்தான் நம்பிக்கை வரும் என்கிறார் அம்மா. உலகம் நம்பத்தக்கது என்று அம்மாவுக்குச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அது நம்பத்தகாதது என்று மகளுக்குப் பழக்கவும் எனக்கு உரிமையில்லை. காரணத்தைச் சொல்லாமல் பயத்தை மட்டும் பிள்ளைக்குக் கொடுப்பது அநியாயம். அவளுக்கு விளங்கும் வயதில் காரணத்தைச் சொல்லத்தான் வேண்டும். அதுவரை அவள் வெளியே தூங்கட்டும்.

நான் உள்ளே போய் இன்னொரு கதிரை எடுத்து வந்தேன். அம்மா கையுறையைக் கழற்றி, மகளின் பிடரியைத் தொட்டுப் பார்த்தார். "சூடாத்தான் இருக்கு" என்றார்.