முறிந்த முதுகும் நீதியின் முதற் கேள்வியும்

மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் பெருவீதிக்கு அண்மையில், போவத்தென்ன நீர்த்தேக்கத்தின் அருகே நிற்கிறது நாலந்தா கெடிகே. திராவிடக் கட்டடக் கலையும் பௌத்த வழிபாடும் கைகோத்த அக்கற்றளி, நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது கல் கல்லாகப் பெயர்த்தெடுக்கப்பட்டு, 1980ஆம் ஆண்டளவில் மீண்டும் எழுப்பப்பட்டது. கல்லுக்கு அது இயலும். மனிதனின் முள்ளந்தண்டினுள்ளே ஓடும் முண்ணாண் அறுந்துவிட்டால், அதனைப் பழையபடி பொருத்தும் வித்தையை மருத்துவம் இன்னும் கற்கவில்லை. அவ்வாறாயின், ஈடு செய்ய இயலாத ஒன்றுக்கு நட்டஈடு கேட்பதன் பொருள் யாது?

"உடம்பைக் காட்டிக் காசு பறிக்கிறான்" என்று கூறுவோர் நம்மிடையே உளர். அவ்வாறு கூறுவோரின் முதுகுகள் பெரும்பாலும் நேராகவே நிற்கின்றன! இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவன் நடையை மட்டும் இழப்பதில்லை. சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் ஆற்றலையும் இழக்கிறான். சில மணி நேரத்துக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிடில் படுக்கைப் புண் எலும்புவரை செல்லும். புரட்டுகின்ற கை பெரும்பாலும் ஒரு பெண்ணின் கை. அவளது கூலியும் அன்றோடு நின்றுபோகிறது. வீட்டில் முறிவது ஒரு முதுகு. முடங்குவது இரு உழைப்பு.

இந்தியாவில் நிகழ்ந்த வழக்கொன்று இங்கே நினைக்கத்தக்கது. 1990ஆம் ஆண்டில் ஐதராபாத்திலுள்ள நிஜாம் மருத்துவ அறிவியல் கழகத்தில் மார்பிலிருந்த கட்டிக்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பொறியியல் மாணவர் ஒருவர், கால்கள் செயலிழந்தவராகக் கண்விழித்தார். நரம்பியல் அறுவை மருத்துவர் எவரும் உடனிருக்கவில்லை. சோதனைக்காகச் சிறிது திசு எடுப்பதற்கே இசைவு பெறப்பட்டிருந்தது. 1999இல் தேசிய நுகர்வோர் ஆணையம் பதினைந்தரை இலட்சம் ரூபாய் வழங்கியது. அவர் அதனோடு அமையவில்லை. உச்ச நீதிமன்றத்தில் சக்கர நாற்காலியில் அமர்ந்து தம் வழக்கைத் தாமே வாதாடினார். 2009 மே 14ஆம் நாள் ஒரு கோடி ரூபாயும் வட்டியும் வழங்கத் தீர்ப்பாயிற்று. அவர் கேட்டது வாழ்நாள் முழுவதும் வேண்டிய தாதியின், உடற்பயிற்சியாளரின், மருந்தின் செலவு. இதனைப் பேராசை என்பவர் மருந்துக் கடைக் கணக்கை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசட்டும்.

ஆயினும் பத்தொன்பது ஆண்டுகள்! கல்வியும் மொழியும் மனவுறுதியும் உடைய ஒருவருக்கே இத்தனை காலம் ஆயிற்றெனில், மாத்தளைத் தோட்டத்து லயத்தில் கிடப்பவன் என் செய்வான்? நம் நாட்டில் பிறர் கவனக்குறைவால் நேர்ந்த தீங்குக்கு ஈடு கேட்போர், வழக்குகளுக்குக் காலவரையறை விதிக்கும் 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும். அவ்விரண்டு ஆண்டில் பெரும்பகுதி வைத்தியசாலைக் கட்டிலிலும் இராகமைப் புனர்வாழ்வு வைத்தியசாலையிலும் கழிந்துவிடக் கூடும். இடையே லொறியின் சொந்தக்காரர் பழக்கூடையோடு வந்து சில நோட்டுகளைத் தலையணையடியில் வைத்து ஒரு தாளில் கையொப்பம் வாங்கிச் செல்வதும் உண்டு.

வேலையிற் காயமுற்றோர்க்கு 1934ஆம் ஆண்டு முதலே நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. முதலாளியின் தவறை நிரூபிக்கத் தேவையில்லை என்பது அதன் சிறப்பு. தொழிலாளர் இயக்கத்துக்கு அது சிறு பேறன்று. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் உச்சத் தொகையை ஐந்தரை இலட்சத்திலிருந்து இருபது இலட்சமாக உயர்த்தியது. எனினும் அச்சட்டம் முறிந்த முதுகைக் கூலியால் அளக்கிறது. மேலாளரின் முண்ணாணும் கொழுந்து பறிப்பவளின் முண்ணாணும் ஒரே தன்மையின. படுக்கைப் புண்ணுக்கும் சம்பளப் பட்டியல் தெரியாது. குறைந்த கூலி கொடுத்து ஒருமுறை சுரண்டப்பட்டவள், அக்கூலியையே அளவுகோலாக்கி மறுமுறையும் சுரண்டப்படுகிறாள்.

இனி, முதலாளியே இல்லாதவன்? இவ்வட்டாரத்தில் மிளகுக் கொடி படர்ந்த மரத்தில் ஏணி சாத்தியும், கித்துள் மரத்திலும் தென்னையிலும் ஏறியும் பிழைப்போர் பலர். தன் கொல்லை மரத்திலிருந்து தானே விழுந்தவன் எவர்மேல் வழக்கிடுவான்?

அநுராதபுரத்தில் ஆண்ட எல்லாளனைப் பற்றி மகாவம்சம் கூறும் கதையை நாம் வகுப்பறைகளில் பெருமையோடு சொல்கிறோம். கன்றைத் தேரேற்றிக் கொன்ற தன் மகனை அவன் தேர்ச் சக்கரத்தாலேயே கொன்றான். மணியடித்த பசு அதன்பின் எவ்வாறு வாழ்ந்தது என்று அக்கதை வினவவில்லை. நாமும் மாணவரிடம் வினவியதில்லை. "எவன் செய்தான்?" என்பதே நீதியின் முதற் கேள்வியாகிவிட்டது. "எப்படி வாழ்வாய்?" என்பது கேட்கப்படுவதேயில்லை.

முதற் கேள்வியை மாற்றிய நாடு உண்டு. 1967ஆம் ஆண்டு வூட்ஹவுஸ் ஆணைக்குழு அறிக்கையைத் தொடர்ந்து, 1974 ஏப்ரல் முதல் நியூசிலாந்தில் விபத்துக் காயமுற்ற எவர்க்கும், குற்றவாளி யார் என்று தேடாமலே, சிகிச்சையும் பராமரிப்பும் பொது நிதியிலிருந்து கிடைக்கின்றன. அதற்கு மாற்றாக நட்டஈட்டு வழக்கிடும் உரிமையை மக்கள் பெரும்பாலும் விட்டுக்கொடுத்தனர். வருமான இழப்புக்கு அங்கும் சம்பளத்தில் நூற்றுக்கு எண்பது என்றே கணக்கு. ஆகவே அதுவும் முழு நீதியன்று. ஆனால் மரத்திலிருந்து விழுந்தவனும் அங்கே கணக்கில் வருகிறான். அந்நிதி முதலாளிமார், வாகன உடைமையாளர், உழைப்போர் ஆகியோரிடமிருந்து திரட்டப்படுவது. நாலந்தா வழியே ஓடும் ஒவ்வொரு லொறியும் பேருந்தும் மூன்றாந் தரப்புக் காப்புறுதிக்குச் சட்டப்படி பணம் கட்டியே ஓடுகின்றன. அப்பணத்தோடு தோட்டக் கம்பனிகளின் பங்கையும் சேர்த்து ஒரு பொது நிதி காண்பதற்கு எந்தச் சட்டப் புத்தகம் தடையாக நிற்கிறது என்று நம் தொழிற்சங்கங்கள் கேட்கத் தொடங்கலாம்.