அசைவும் வினையும்

உடலின் அசைவை அளந்தே ஒருவர் என்ன செய்கிறார் என்று சொல்லிவிட முடியுமா என்ற கேள்வி, வினை எங்கே இருக்கிறது என்ற பழைய தத்துவக் கேள்வியில் போய் நிற்கிறது.

கைபேசியிலும் கைக்கடிகாரத்திலும் உள்ள முடுக்கமானி மூன்று திசைகளில் முடுக்கத்தை அளக்கிறது. புவியீர்ப்பும் அதில் பதிவாவதால் உடல் நிமிர்ந்திருக்கிறதா, கிடக்கிறதா என்பதும் தெரியும். இத்துறையில் பலரும் எடுத்தாளும் தரவுத் தொகுப்பு ஒன்றுக்காக 30 பேர் இடுப்பில் கைபேசியைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள், படி ஏறினார்கள், இறங்கினார்கள், உட்கார்ந்தார்கள், நின்றார்கள், படுத்தார்கள். நொடிக்கு 50 முறை எடுத்த அளவுகளை 2.56 நொடித் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் இந்த ஆறில் ஒரு பெயரைச் சூட்டக் கணினிக்குக் கற்பிக்கிறார்கள்.

செட்டியார்பட்டியிலிருந்து ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் ஒருவர், அந்தக் கைபேசியோடு ஆண்டாள் சன்னதி முன் தெண்டனிடுகிறார் என்று கொள்வோம். நிமிர்ந்திருந்த இடுப்பு தரையோடு தரையாகிறது. ஓர் அச்சில் இருந்த புவியீர்ப்பு இன்னோர் அச்சுக்கு மாறுகிறது. கருவி 'படுத்தல்' என்று குறிக்கும். பிராகாரம் சுற்றுவது வெறும் 'நடத்தல்'. தேர்வடம் பிடிப்பதற்கோ பட்டியலில் இடமே இல்லை. ஆறில் எது பக்கமோ அதில் தள்ளிவிடும். பட்டியலை நீட்டித் தெண்டனிடுதலையும் கற்பித்துவிடலாம், அதில் பெரிய சிரமம் இல்லை. ஆனால் வழக்கத்துக்கு விழுகிறவரும் உள்ளம் உருகி விழுகிறவரும் ஒரே மாதிரி விழுந்தால், பதிவும் ஒன்றாகவே இருக்கும்.

பெரியபுராணத்துச் சாக்கிய நாயனார் இதற்கு மிகக் கடுமையான சோதனை. காஞ்சியில் பௌத்தக் கோலத்தில் இருந்தபடியே, வெட்டவெளியில் இருந்த சிவலிங்கத்தின் மேல் அவர் நாள்தோறும் ஒரு கல் எறிந்தார். ஒருநாள் உண்ணப் போகும் நேரத்தில் அது நினைவுக்கு வர, உணவை விட்டுவிட்டு ஓடினார். கையின் வீச்சை மட்டும் அளந்தால் அது கல்லெறிதல். சைவர்களுக்கு அது பூசை. அவர் கோலம் பூண்டிருந்த பௌத்தமும் சேதனையை, அதாவது மனத்தின் எண்ணத்தையே வினை என்கிறது. சமணம் அந்த அளவுக்குப் போவதில்லை. அறியாமல் மிதித்த எறும்புக்கும் அங்கே கணக்கு உண்டு. நடையில் விழிப்பு வேண்டும் என்பது அதன் துறவிகளுக்கு விதி. அசைவுக்கும் வினையில் பங்கு உண்டு என்று கொள்ளும் இந்தப் பார்வையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

அந்த 30 பேரின் அசைவுகளுக்கும் பெயர் இட்டவர்கள், அவர்களைப் படம்பிடித்துப் பார்த்த மனிதர்களே. தெண்டனிடுகிறவரின் எண்ணத்துக்குப் பெயரிடப் படம் போதாது. அவரையே கேட்க வேண்டும். ஆணவ மலம் உயிரின் அறிவை மறைத்து நிற்கிறது என்கிற சைவ சித்தாந்தத்தின்படி, அவர் சொல்லும் பதிலும் முழுச் சான்றாகிவிடாது.